நின்று சொல்வதா, இருந்து சொல்வதா?

பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு கதையை நடத்திச் செல்கின்றவர் நின்றுகொண்டு நடத்துவது நன்றா, அமர்ந்துகொண்டு நடத்துவது நன்றா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொள்கிறேன். இது சிறிய வினாவாகத் தோன்றலாம். கதை நன்றாயிருந்தால் போதாதா, சொல்பவர் நின்றால் என்ன, இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆனால் வகுப்பில் ஒரு பாடத்தைச் சொல்ல எழுந்து நின்றவுடனே நாக்கு ஒட்டிக்கொள்ளும் மாணவர் உங்களுள் பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு இவ்வினா சிறியது அன்று.

இதனை என்னிடம் முதலில் எழுப்பியவன் என் பேரன். அவன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். விடுமுறைக்கு மேலநீலிதநல்லூருக்கு வந்தபோது நண்பர் சிலரையும் அழைத்து வந்தான். இரண்டு நாள் எங்கள் வீட்டு முன்னறையில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். சதுரங்கத்தைப் போல அதற்குக் கட்டம் இல்லை. தாயத்தைப் போலப் பழம் எடுப்பதும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகிறார். ஒருவர் வீரர், மற்றொருவர் மந்திரம் கற்றவர், இன்னொருவர் பூட்டைத் திறக்க வல்ல திருடர். அவர்களுள் ஒருவர் மட்டும் எந்த மாந்தரும் ஆகாமல் கதையை நடத்துகிறார். ‘குகையின் வாயில் இருண்டிருக்கிறது, உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?’ என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தாம் செய்வதைச் சொல்வார்கள். செய்கை பலிக்குமா என்னும் ஐயம் வரும்போது இருபது முகம் கொண்ட பகடையை உருட்டுவார்கள். இதில் வென்றவர் தோற்றவர் இல்லை. கதை நகரவேண்டும், அதுவே ஆட்டம்.

கதை நடத்துபவரை இளைஞர்கள் ‘கேம் மாஸ்டர்’ என்றார்கள். ‘ஆட்டத்தை நடத்துநர்’ என்று தமிழாக்கலாமா என்று எண்ணினேன். அப்படிச் சொன்னால் பேருந்துதான் நினைவுக்கு வரும். (பேருந்தில் ஓட்டுநர் இருக்கிறார், நடத்துநர் நிற்கிறார் என்பதும் அப்போதுதான் உறைத்தது.) ஆகையால் ஆட்டத்தலைவர் என்றே வழங்குகிறேன்.

இவ்வகை ஆட்டங்களுள் முதலில் அச்சேறி விற்பனைக்கு வந்தது ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பது. அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமைத்து 1974ஆம் ஆண்டு வெளியிட்டனர். அட்டையால் மடித்துச் செய்த ஒரு சிறு மறைப்பை ஆட்டத்தலைவர் தமக்கு முன்னே நிறுத்திக்கொள்வது பெருவழக்கு. வரைபடமும் வரப்போகும் இடர்களும் அதன் பின்னே இருக்கும். கைகாக்ஸ் தொடக்க நாட்களில் கோப்புப் பெட்டிகளின் மறைவில் அமர்ந்துகொண்டு நடத்துவார், ஆடுவோர்க்கு அவர் குரல் மட்டுமே கேட்கும் என்று அவருடன் ஆடியவர்கள் நினைவுகூர்ந்திருக்கின்றனர். வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. நானும் இவ்வுரையை அமர்ந்துதான் நிகழ்த்துகிறேன். அதனை நீங்கள் காணப்போவதில்லை.

பேரனின் நண்பர்களுக்குள்ளே வழக்கு எழுந்தது இதில்தான். ஒருவர், ஆட்டத்தலைவர் நின்றால்தான் மேசையின் மறுகோடியில் இருப்பவர் முகமும் தெரியும், வரைபடத்துக்குக் கை எட்டும், அரக்கன் வரும்போது அரக்கனாகக் கையை விரிக்கலாம், ஆட்டம் சோராது என்றார். மற்றொரு பெண், நான்கு மணிநேரம் ஒருவர் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தால் தேர்வு மண்டபத்தில் கண்காணிப்பாளர் நிற்பது போலிருக்கிறது, வாயே திறக்கத் தோன்றுவதில்லை என்றாள். ‘தாத்தா, நீங்கள் முப்பது ஆண்டுக்குமேல் நின்றுகொண்டே பேசியவர், நீங்கள் சொல்லுங்கள்’ என்று பேரன் என்னிடம் தள்ளிவிட்டான்.

அவனுக்கு நான் அமெரிக்காவிலிருந்து விடை தேடவில்லை. நம் ஊர்க் கோயில் கொடையிலிருந்தே சொன்னேன். 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த எங்கள் தென்காசி மாவட்டத்திலும், நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலும் சுடலைமாடன், இசக்கியம்மன் முதலிய தெய்வங்களுக்குக் கொடை நடக்கும். அங்கே கதை சொல்லும் கலைகள் இரண்டு. ஒன்று வில்லுப்பாட்டு, மற்றொன்று கணியான் கூத்து. இரண்டிலும் முதற்பாடகரை அண்ணாவி என்றும் புலவர் என்றும் அழைப்பார்கள். இரண்டிலும் பாடப்படுவது பெரும்பாலும் அதே தெய்வத்தின் கதை. கேட்பவர்களும் அதே மக்கள். ஆயினும் வில்லுப்பாட்டு அண்ணாவி அமர்ந்து பாடுகிறார்; கணியான் கூத்து அண்ணாவி நின்று பாடுகிறார். ஒரே ஊரில், ஒரே கோயில் முற்றத்தில், ஒரே கதைக்கு இருவேறு நிலை அமைந்தது ஏன்?

வில்லுப்பாட்டை முதலில் பார்ப்போம். வைக்கோலால் திரித்த புரிமணையின்மேல் மண்குடம் ஒன்றை வைத்து, அதன் கழுத்தில் நீண்ட வில்லைக் கிடையாகப் பொருத்திக் கட்டுவார்கள். வில்லில் மணிகள் தொங்கும். அண்ணாவி இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடிப்பார். அவர் அருகே அமர்ந்தவர் குடத்தின் வாயைத் தட்டையால் அறைந்து ஒலி எழுப்புவார். உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியனவும் சேரும். வலப்பக்கம் பாடுவோர், இடப்பக்கம் பாடுவோர் என்று குழுவினர் பிரிந்து அமர்வர். அண்ணாவி ஒரு செய்தியைச் சொன்னவுடன் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று வாங்கிக்கொள்வார். சில வேளை ஒரு கேள்வி கேட்டுக் கதையை முன்னே தள்ளுவார்.

குடம் தரையில் இருக்கிறது. அதன்மேல் வில் கிடக்கிறது. அமர்ந்தவர்க்கே நாண் கைக்கெட்டும் உயரத்தில் வரும். ஆகவே கருவிதான் முதலில் ஆளை உட்கார வைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்துடன் செய்தி முடியவில்லை. கொடை ஒரு நாழிகையில் முடிவதன்று, இரவெல்லாம் நடக்கும். கால் கடுக்க நின்றவர் நள்ளிரவுக்குப் பிறகு தாளத்தைப் பிடிக்க முடியாது. அதனினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு. இந்தக் கதை கேட்டுப் பொழுதுபோக்குவதற்காக மட்டும் பாடப்படுவதன்று. தெய்வத்தை வரவழைப்பதற்காகப் பாடப்படுவது. அண்ணாவி அமர்ந்திருக்கிறார், கூட்டத்தின் ஓரத்தில் சாமியாடி நின்றுகொண்டிருக்கிறார். கதை உச்சத்தை நோக்கி ஏற ஏற, குடத்தின் அறை விரைந்து வர வர, அவருடைய கால் நடுங்கத் தொடங்கும். பிறகு அவர் அந்தக் கதையின் மாந்தராகவே முற்றத்தில் இறங்கிவிடுவார்.

இங்கே அண்ணாவியின் வேலையைக் கூர்ந்து நோக்குங்கள். கதை அவருக்குத் தெரியும். அருள் எந்த அடியில் வரும் என்பது அவர் கையில் இல்லை. சாமியாடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடவேண்டும். மெய் சிலிர்ப்பது தெரிந்தால் அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடித் தாளத்தை முடுக்கவேண்டும். இன்னும் ஆகவில்லை என்றால் ஒரு வசனத்தைச் சேர்த்துக் கதையை நீட்டவேண்டும். பாடகர் தம் உடம்பை ஓரிடத்தில் அமர்த்திவிட்டதால் அவருடைய கண்ணும் காதும் பிறர்க்காக ஒழிந்திருக்கின்றன. ஆட வேண்டியவர் அவர் அல்லர், ஆட்டுவிக்க வேண்டியவர். அவர் இருப்பதனால்தான் மற்றொருவர் எழுகிறார்.

இதனை நான் சொன்னபோது அந்தப் பெண் உடனே பிடித்துக்கொண்டாள். ‘ஐயா, ஆட்டத்தலைவர் வேலையும் இதுதான். கதை அவருடையது, ஆனால் கதைக்குள் இறங்குகிறவர்கள் நாங்கள்’ என்றாள். அவள் சொன்னது சரி. கொடையில் பக்தி உண்டு, இவர்கள் மேசையில் விளையாட்டுத்தான் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கதை நடத்துபவர்க்கும் கதைக்குள் புகுபவர்க்கும் உள்ள உறவு ஒன்றுபோலவே இருக்கிறது.

இனிக் கணியான் கூத்துக்கு வருவோம். சுடலைமாடன் கோயில்களில் கணியான் என்னும் இனத்தார் நிகழ்த்துவது இது. இதற்கு மகுடம் என்னும் வட்டமான தோற்கருவி உயிர். மகுடங்கள் இரண்டு, ஒன்று உச்ச ஒலி தருவது, மற்றொன்று மந்த ஒலி தருவது. தோல் தளர்ந்துபோனால் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிக்கொள்வார்கள். அண்ணாவி நின்று பாடுவார். பின்பாட்டுக்காரர் ஒரு கையைக் காதோடு அணைத்துக்கொண்டு அவர் விட்ட அடியை எடுத்துப் பாடுவார். பெண் வேடம் பூண்ட ஆண்கள் சலங்கை கட்டி ஆடுவார்கள். இங்கே கதை குரலில் மட்டும் இல்லை. ஆடுவோரின் காலிலும் இருக்கிறது. மகுடக்காரர் ஆடுபவரை நோக்கி முன்னே வருவார், பின்னே போவார். ஆடுபவரோடு நகர வேண்டிய கூட்டத்தில் அண்ணாவி மட்டும் சம்மணமிட்டு அமர்ந்திருக்க முடியாது. அவரும் அந்த ஆட்டத்தின் ஓர் உறுப்பு. வில்லுக்காரர் மேடையில் இருந்துகொண்டு முற்றத்தைப் பார்க்கிறார்; கணியான் முற்றத்திலேயே இருக்கிறார்.

இதே வேற்றுமை கோயிலுக்கு வெளியேயும் தொடர்கிறது. கதாகாலட்சேபம் செய்யும் பாகவதர் நிற்கிறார். மராட்டியக் கீர்த்தன முறையைத் தழுவித் தமிழகத்தில் அக்கலையை வளர்த்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கையில் சப்ளாக்கட்டை, சில வேளை காலில் சலங்கை, பின்னே பக்கவாத்தியம். பாகவதர் ஒருவரே இராமனும் ஆவார், கூனியும் ஆவார். கேட்பவர் எவரும் எழுந்து கதைக்குள் வரப்போவதில்லை. ஆகையால் கதைமாந்தர் அத்தனை பேரையும் அவரே தம் உடம்பில் தாங்கவேண்டும். அதற்கு நிற்கத்தான் வேண்டும். புராணத்துக்குப் பொருள் விரித்து உபந்நியாசம் செய்பவரோ வழக்கமாக அமர்ந்தே பேசுவார். அவர் இராமனாக மாறுவதில்லை. இராமனைப் பற்றிப் பேசுகிறார்.

இங்கே பெண்மக்களைப் பற்றி ஒரு சொல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. சரசுவதி பாய் கதாகாலட்சேபம் செய்ய முன்வந்தபோது எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. அவையின் முன் ஒரு பெண் எழுந்து நின்று கதை சொல்வதாவது என்பதுதான் அதன் உள்ளுறை. அவர் பின்வாங்கவில்லை, நாடெங்கும் புகழ் பெற்றார். குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டுப் பாடி 2018இல் மறைந்த பூங்கனி அம்மையாரோ அமர்ந்தே அவையை ஆண்டவர். வீசுகோலைச் சுழற்றி எறிந்து பிடிக்கும் அவர் கைவன்மையைக் கண்டவர்கள், அமர்ந்து சொல்வது சோர்வான வேலை என்று நினைக்கமாட்டார்கள். ஒருவர் நின்று வென்றார். மற்றவர் இருந்து வென்றார்.

விதி இவ்வளவு எளிதாக அமைந்துவிட்டதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில் பேரன் ஒரு முட்டுக்கட்டை போட்டான். ‘தோல்பாவைக் கூத்து நடத்துபவர் எல்லாப் பாத்திரத்துக்கும் அவரே குரல் கொடுக்கிறார், அமர்ந்துதானே கொடுக்கிறார்?’ என்றான். அது உண்மை. தென் மாவட்டங்களில் பாவைக்கூத்து நடத்தும் மண்டிகர் குடும்பங்களில், திரைக்குப் பின்னே ஒருவர் அமர்ந்து, விளக்கொளியில் தோற்பாவைகளை ஆட்டி, அரசனாகவும் அரக்கனாகவும் உளுவத்தலையனாகவும் உச்சிக்குடும்பனாகவும் மாறி மாறிப் பேசுவார். ஆனால் அவர் உடம்பை எவரும் பார்ப்பதில்லை. நிற்பது, நடப்பது, குதிப்பது எல்லாவற்றையும் பாவை பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்தலைவர் முன்னே நிறுத்தும் மறைப்பை நான் கண்டபோது நினைவுக்கு வந்தது இந்தத் திரைதான். பாவைக்கூத்தில் பாவைகள் ஆட்டுபவர் சொற்படி கேட்கும். மேசையைச் சுற்றியிருக்கும் பாவைகளுக்கோ சொந்தமாக வாய் உண்டு.

வில்லுப்பாட்டு பட்டணத்து மேடைக்கு வந்த பிறகும் இருக்கை மாறவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதனை நகரத்தார்க்கு அறிமுகப்படுத்தினார். நெல்லைச் சீமையில் 1928இல் பிறந்து 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம், சமூகக் கதைகளையும் தலைவர் வரலாறுகளையும் வில்லில் ஏற்றி நாடெங்கும் பாடினார்; 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன; வில் மட்டும் அமர்ந்தே பாடப்பட்டது. அதனோடு, எதிரே இருக்கும் நகரத்துக் கூட்டத்தில் எழுந்து ஆடுவோர் எவரும் இல்லாததால், நகைச்சுவையும் பக்கத்திலிருப்பவரின் கேள்வியும் மிகுந்தன. அருள் வரும் இடத்தைச் சிரிப்பு எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து. அதனைக் குறையென்று நான் சொல்லவில்லை.

நிற்பவர் தாழ்ந்தவர், இருப்பவர் உயர்ந்தவர் என்னும் கணக்கு ஒன்று நம் நாட்டில் நெடுநாளாக உண்டு. யார் முன்னே யார் உட்காரலாம் என்பதில் எத்தனை கொடுமைகள் நடந்தன என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பள்ளியிலும் அதன் எச்சம் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தண்டனை என்ன? ‘பெஞ்சின்மேல் ஏறி நில்!’ பதில் சொல்லவேண்டியவனுக்குக் கட்டளை என்ன? ‘எழுந்து நின்று சொல்!’ தண்டனைக்கும் விடைக்கும் ஒரே நிலையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் எழுந்து நின்றால் நடுங்குகிறார்களே என்று வியக்கிறோம். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். நிற்கச் சொன்னால் தன் பெயரையே இருமுறை யோசித்துத்தான் சொல்வான். ஒரு நாள் மரத்தடியில் எல்லாரும் வட்டமாக அமர்ந்திருந்தபோது, குளத்தில் மடை திறப்பது எப்படி என்று அரைமணி நேரம் விளக்கினான். இடையில் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படமும் போட்டான். அதன்பிறகு வாய்மொழித் தேர்வுகளில் அமர்ந்தே பதில் சொல்லலாம் என்று வகுப்பில் வழக்கமாக்கினேன். அந்த மாணவர்கள் சில மாதங்களில் தாமாகவே எழுந்து நின்றும் பேசத் தலைப்பட்டார்கள்.

ஆசிரியர் நிலைமையும் காலந்தோறும் மாறியிருக்கிறது. மாணவர்க்கு நூல் எவ்வாறு சொல்லவேண்டும் என்று கூறுமிடத்தில் நன்னூல், ஆசிரியர் காலமும் இடமும் அறிந்து, சிறந்த இடத்தில் அமர்ந்து, விரைவும் வெகுளியும் இன்றி முகமலர்ந்து சொல்லவேண்டும் என்று விதிக்கிறது. திண்ணைப் பள்ளி ஆசிரியரும் அமர்ந்தே இருந்தார். பிள்ளைகளிடையே நடமாடியவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியரை எழுப்பி நிறுத்தியது கரும்பலகை. வில் அண்ணாவியை இருத்தியது போலவே சுவரில் மாட்டிய பலகை ஆசிரியரை நிறுத்திவிட்டது. நான் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், பாடம் நடத்துகையில் நாற்காலியைத் தொடக்கூடாது என்றே பழக்கினார்கள். பின்னாளில் நான் பணியாற்றிய இடம் ஒன்றில் ஒருபடி மேலே போய், ஆசிரியர் உட்கார்ந்தால் வகுப்பு தூங்கும் என்று சொல்லி வகுப்பறை நாற்காலிகளையே அகற்றிவிட்டார்கள். பிள்ளைகள் தூங்குவது நிற்கவில்லை; ஆசிரியர் சிலர்க்கு நாளச்சுருளை நோய் வந்ததுதான் மிச்சம்.

நெடுநேரம் நிற்பது உழைப்பு. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்றே பணி செய்தவர்களின் துன்பத்தைக் கண்டு, கேரள அரசு 2018இலும், தமிழக அரசு 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தியும், பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தன. அமரும் உரிமை என்று ஒன்றைச் சட்டத்தில் எழுதவேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும். கதை சொல்பவனுக்கும் கால் இரண்டுதான்.

ஆனால் எழுந்து நிற்பதற்கு ஓர் ஆற்றல் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. அவ்வாற்றலை நன்கு அறிந்தது நம் மக்களவை. அங்கே உறுப்பினர் நின்று பேசுவர். அவைத்தலைவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருப்பார். அமளி மிகும்போது அவைத்தலைவர் எழுந்து நிற்பார். அவர் எழுந்தால், பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர் உடனே உட்காரவேண்டும் என்பது விதி. அது எந்நாளும் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு செய்தி. அவைத்தலைவர் நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பாராயின், எழுந்து நிற்பது என்னும் அடையாளமே அவர்க்கு இல்லாமற்போகும். வில்லுப்பாட்டில் சில அண்ணாவிகள், கதையில் வெட்டுக்குத்து வரும் இடத்தில் முழந்தாளில் எழும்பி வீசுகோலை ஓங்குவதைக் கண்டிருக்கிறேன். அந்த ஒருசாண் உயரம் அதுவரை இருந்த இருப்பினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

குரலுக்கு எது நல்லது என்று கேட்பீர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. வயிறு அதற்கு இடம் கொடுக்கவேண்டும். கூனிக் குறுகி நாற்காலியில் சரிந்தவனுக்கு வயிறு மடங்கி மூச்சு பாதியில் நின்றுவிடும். நிற்பவனுக்கு அந்தத் தடை இல்லை. ஐரோப்பிய இசைநாடகப் பாடகர் நிற்பதும், நம் ஓதுவார் சந்நிதியில் நின்று தேவாரம் பாடுவதும் குரலுக்கு உதவத்தான் செய்கின்றன. ஆனால் நம் கச்சேரி வித்துவான்கள் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி, மூன்று மணிநேரம் பாடுகிறார்களே! ஆகவே குரலைக் கெடுப்பது இருப்பதன்று, சரிந்திருப்பது. முதுகு நேராக இருந்தால் இரு நிலையிலும் குரல் நிற்கும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் பேரனின் நண்பர்கள் மறுநாள் ஆட்டத்தை ஒரு சோதனையாகவே நடத்தினார்கள். முதற்பகுதியில் ஆட்டத்தலைவராயிருந்த இளைஞர் நின்றே நடத்தினார். அவருடைய விவரிப்பு அருமையாக இருந்தது. நானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன். ஆனால் மற்ற ஐவரும் என்னைப்போலவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்; ஆடியவர் அவர் ஒருவரே. உணவுக்குப்பின் அமர்ந்து நடத்தினார். பேச்சு மேசையைச் சுற்றி வரத் தொடங்கியது. முதல்நாள் முழுதும் ‘நானும் அப்படியே செய்கிறேன்’ என்பதற்குமேல் பேசாத ஒரு பையன், தன் திருடனைக் கொண்டு கோட்டை மதிலில் ஏறுவதற்கு ஒரு வழி சொன்னான். ஆட்டத்தலைவர் அவனை நோக்கிச் சற்றே முன்சாய்ந்து, ‘ஏறிவிட்டாய். மேலே காவலன் ஒருவன் உனக்கு முதுகைக் காட்டி நிற்கிறான்’ என்று மெல்லிய குரலில் சொன்னார். பையன் பகடையைக் கையில் எடுத்தான். அவனை அறியாமலே எழுந்து நின்றுவிட்டான்.

என் எண்ணத்தை அவர்களுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் தனியே ஒரு கதையை அவைக்குச் சொல்வதானால், மாந்தரையெல்லாம் நீங்களே தாங்கவேண்டியிருப்பதால், எழுந்து நில்லுங்கள். பிறரைக் கதைக்குள் இறக்கிவிடுவது உங்கள் வேலையானால் அமருங்கள். மன்றத்தில் நாடகம் படித்துப் பார்ப்பதாயினும், வகுப்பில் குழுவாகப் பேசுவதாயினும், இந்த மேசை விளையாட்டாயினும் இதுவே பொருந்தும். நாலுமணி நேர ஆட்டத்தில் இரண்டுமுறையோ மூன்றுமுறையோ, அரக்கன் கண் விழிக்கும்போதும் பாலம் முறியும்போதும் எழுந்து நின்றால் போதும். மேசை பத்துப்பேர் சுற்றியிருக்கும் அளவுக்கு நீண்டதானால், கோடியில் அமராமல் நீளப் பக்கத்தின் நடுவில் அமருங்கள்; அப்போது எவர் முகத்துக்காகவும் எழவேண்டியிராது. மறைப்பு அட்டை உங்கள் மார்பளவுக்கு மேல் போகவேண்டாம். கைப்பிடி இல்லாத முக்காலியோ நாற்காலியோ நல்லது. அதனைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். எழும்போது பின்னே தள்ளுவதற்கு இரண்டடி இடம் வேண்டும்.